அக்குள் நெறி, வீங்கிய கை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் கைவீக்கத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், குவித்துவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பிளாஸ்டிக் சர்ஜன். கையைத் தொட்டுப் பார்க்காமல் யாருக்கும் ஆபரேஷன் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: மேடம், அம்மாவுக்கு அக்குளில் நெறி கட்டியிருந்தது, அதிலும் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. உடம்பு முழுக்கப் பரவிவிட்டதா?

பதில்: அப்படி அர்த்தமில்லை தம்பி. மார்பகத்தின் நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து வடியும் நீர், பெரும்பாலும் அக்குளுக்குத்தான் போகிறது, அங்கே 20, 30 நிணநீர் முடிச்சுகள் சல்லடை மாதிரி உட்கார்ந்திருக்கின்றன (நெறி என்பது இவை வீங்குவதுதான்), கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் அதில் மாட்டி வளரலாம். எலும்பு, ஈரல், நுரையீரல் என்று தள்ளிப் போனால்தான் நான்காம் கட்டம். ஆனால் முடிச்சில் இருக்கிறதென்றால் இந்தக் கட்டிக்கு ஊர் சுற்றும் குணம் இருக்கலாம், அதனால்தான் கீமோ பற்றிப் பேசுகிறார்கள்.

கேள்வி: அப்போ எல்லா முடிச்சையும் வழித்து எடுத்துவிடலாமே? என் மனைவிக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திவிட்டார்கள், பயமாக இருக்கிறது.

பதில்: ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 1971-ல் அமெரிக்காவில் சர்ஜன் பெர்னார்ட் ஃபிஷரின் குழு ஒரு ஆய்வு தொடங்கியது. கையால் தடவினால் நெறி தட்டுப்படாத பெண்களில் ஒரு பகுதியினருக்கு அக்குளைச் சுத்தமாக எடுத்தார்கள், மற்றவர்களுக்கு எடுக்கவில்லை. 25 வருடம் கழித்து எண்ணிப் பார்த்தால் உயிர் பிழைத்ததில் வித்தியாசமே இல்லை. இப்போது நீலச் சாயமோ கதிரியக்கத் துளியோ செலுத்தி, நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சை மட்டும் எடுத்துப் பார்க்கிறோம், அது சுத்தமென்றால் மற்றதைத் தொடுவதில்லை. கையின் நிணநீரும் அக்குள் வழியாகத்தான் வடிகிறது, அதனால் அக்குளை முழுதாக வழித்தால் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது, முதல் முடிச்சோடு நின்றால் இருபதில் ஒருவருக்கு. உங்கள் மனைவிக்கு வேலையை அரைகுறையாக விட்டுவிடவில்லை சார், கையைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். கையைப் பார்த்துவிட்டு மாமியார் யானைக்கால் நோய் என்கிறார், குழந்தையைத் தூக்க விடுவதில்லை.

பதில்: வீக்கம் ஒரே ஜாதி, காரணம் வேறு. யானைக்காலில் கொசு கொண்டுவரும் புழு நிணநீர்க் குழாயைக் கெடுக்கிறது, உங்களுக்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் வழியை அடைத்திருக்கின்றன. இது யாருக்கும் ஒட்டாது. சொல்லப்போனால் யானைக்காலே தொட்டால் ஒட்டாது. குழந்தையைத் தூக்குங்கள், மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: நீர் மாத்திரை போட்டால் வடியுமா?

பதில்: வடியாது. அது வெறும் தண்ணீர் இல்லை, புரதம் கலந்த நீர். மாத்திரை தண்ணீரை வெளியேற்றும், புரதம் அங்கேயே கிடந்து மறுபடி இழுக்கும்.

கேள்வி: ஆபரேஷனில் சரியாகும் என்று வீடியோ பார்த்தேன். குழாயை இணைப்பதா, முடிச்சை மாற்றி வைப்பதா, கொழுப்பை உறிஞ்சுவதா? எது நல்லது, டாக்டர்?

பதில்: எது நல்லது என்பதைவிட உங்கள் கை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். வீங்கிய இடத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுங்கள். குழி விழுந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது. அப்போது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத நிணநீர்க் குழாயைப் பக்கத்துச் சிறு சிரையோடு தைக்கலாம், மைக்ரோஸ்கோப்பின் கீழே, முடியைவிட மெல்லிய நூலில். ஜப்பானிய சர்ஜன் கோஷிமா வழிகாட்டிய வேலை இது. ஆனால் ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால் ஓடுகிற குழாய் ஒன்றாவது தெரிய வேண்டும், எல்லாம் தழும்பாகிப் போயிருந்தால் எதைத் தைப்பது? அப்போதுதான் தொடையிடுக்கிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பு மடிப்பிலிருந்தோ முடிச்சை இரத்தக்குழாயோடு எடுத்து அக்குளில் வைப்பது. இதில் பலன் தெரிய மாதங்கள் ஆகும், தொடையிடுக்கில் எடுத்தால் கால் வீங்கும் அபாயமும் உண்டு, அதை உங்களிடம் சொல்லாத சர்ஜனிடம் ஜாக்கிரதை. அழுத்தினால் குழியே விழாமல் கெட்டியாக இருக்கிறதா? நீர் போய்க் கொழுப்பு வந்துவிட்டது. அதற்கு ஸ்வீடனின் மால்மோவில் சர்ஜன் ப்ரோர்சன் செய்துகாட்டிய கொழுப்பு உறிஞ்சல்தான். கை அளவு திரும்பும், ஆனால் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையை ஆயுள் முழுக்கப் போட வேண்டும், கழற்றினால் வீக்கம் திரும்பும். ‘உறை தொல்லை, அதனால்தான் ஆபரேஷன்’ என்று வருபவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது, என்ன செய்ய. வீங்கிப் பல வருடம் கழித்து வராதீர்கள், குழி விழும்போதே வாருங்கள்.

கேள்வி: அந்தக் கையில் தண்ணீர்க் குடம் தூக்கலாமா அக்கா?

பதில்: தூக்கலாம், திடீரென்று நிறைகுடத்தில் ஆரம்பிக்காதீர்கள். கைவீக்கம் உள்ள பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்கிப் பயிற்சி செய்தபோது வீக்கம் கூடவில்லை என்று 2009-ல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. பொத்திப் பொத்தி வைத்தால் கைதான் பலவீனமாகும்.

கேள்வி: நேற்று இரவிலிருந்து குளிர்காய்ச்சல், வீங்கிய கை சிவந்து சூடாக இருக்கிறது. மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறோம்.

பதில்: பற்றைக் கழுவிவிட்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் அம்மா. அது தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று, ஆன்டிபயாடிக் இன்றே தொடங்க வேண்டும். கட்டு, உறை, மசாஜ் எதுவும் இப்போது வேண்டாம். மற்றதைத் திரும்பி வந்து கேளுங்கள்.