மூன்று லென்ஸ்களும் ஒரு செய்தித்தாளும்

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூரில் என் தாத்தா நடத்திய ஸ்டுடியோவை மூடி முப்பது வருடம் ஆகிறது. சென்ற மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய வாகீஸ்வரி என்னும் ஹாஃப் பிளேட் துருத்திக் கேமராவும் மூன்று லென்ஸ்களும் கிடைத்தன. ஒன்று கோயர்ஸ் டாகோர், குவிய நீளம் 8¼ அங்குலம், எஃப்/6.8, பழைய காம்பர் ஷட்டரில் இருக்கிறது. இரண்டாவது கார்ல் சைஸ் ஜெனா டெஸ்ஸார், 21 செ.மீ., எஃப்/4.5. அதற்கு ஷட்டர் இல்லை, அபர்ச்சர் வளையம் மட்டும் உண்டு. மூன்றாவது கனமான பித்தளை லென்ஸ். பெயர் எதுவும் இல்லை, பெட்ஸ்வால் வகை என்று ஒரு நண்பர் சொன்னார்.

எக்ஸ்ரே ஃபிலிமை அளவுக்கு வெட்டி, சுவரில் செய்தித்தாளை ஒட்டி மூன்றிலும் எடுத்துப் பார்த்தேன். எஃப்/22-இல் டாகோருக்கும் டெஸ்ஸாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எஃப்/11-இல் டாகோர் கொஞ்சம் மங்கல். பித்தளை லென்ஸில் நடுப்பகுதிகூடத் தெளிவாக இல்லை. டாகோரை எல்லோரும் அவ்வளவு புகழ்கிறார்களே, என்னுடையது கெட்டுப்போய்விட்டதா? மூன்றில் சிறந்ததை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். எதை வைத்துக்கொள்ளலாம்?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு எதையும் விற்காதீர்கள். உங்கள் டாகோர் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேமராவின் பின்னால் பிம்பம் விழும் கிரவுண்ட் கிளாஸில் நீங்கள் ஃபோகஸ் செய்தது எஃப்/6.8-இல், முழுசாகத் திறந்து வைத்துத்தானே? எல்லோரும் அப்படித்தான் செய்வோம், வெளிச்சம் அதிகம் என்பதால். டாகோரில் அங்கேதான் சிக்கல். அபர்ச்சர் என்ற துளையைச் சுருக்கும்போது (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) அதன் ஃபோகஸ் புள்ளி சற்று நகர்ந்துவிடும். எஃப்/6.8-இல் கூர்மையாக வைத்துவிட்டு எஃப்/11-க்குச் சுருக்கினால், எழுத்து இருந்த இடத்தை விட்டு ஃபோகஸ் விலகிப் போயிருக்கும். எஃப்/22-க்கு வந்ததும் ஃபோகஸின் ஆழம் கூடிவிடுவதால் அந்த விலகல் மறைந்துவிடும். உங்கள் முடிவு அப்படியே இதற்குப் பொருந்துகிறது. அடுத்த முறை எந்த அபர்ச்சரில் எடுக்கப்போகிறீர்களோ அதே அபர்ச்சரில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பூதக்கண்ணாடி வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். 1892-இல் எமில் ஃபான் ஹோக் வடிவமைத்த லென்ஸ் அது. இந்தப் பழக்கம் தெரியாமல் அதை எடுத்துப் பார்த்து ஒதுக்கியவர்கள் நிறையப் பேர்.

இனி எஃப்/22-க்கு வருவோம். இரண்டும் ஒன்றுபோல இருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஹாஃப் பிளேட் நெகட்டிவ் 4¾ அங்குலத்துக்கு 6½ அங்குலம். அதை 13 அங்குல அகலப் பிரிண்ட்டாக்க 2 மடங்கு பெரிதாக்கினால் போதும். அதே பிரிண்ட்டுக்கு 35 எம்எம் ஃபிலிமை 9 மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் நம் கண் ஒரு மில்லிமீட்டருக்குள் ஐந்தாறு கோடுகளுக்கு மேல் பிரித்தறியாது. அப்படியானால் உங்கள் நெகட்டிவில் மில்லிமீட்டருக்கு 12 கோடு இருந்தால் காரியம் முடிந்தது. நல்ல நிலையில் உள்ள நூறு வருட லென்ஸ் இதைச் சிரமமில்லாமல் கொடுக்கும். இன்னும் சுருக்கி எஃப்/45-க்குப் போனால், சிறு துளையில் நுழையும் ஒளி வளைந்து பரவுவதாலேயே புது லென்ஸ், பழைய லென்ஸ் எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிடும். பெரிய ஃபிலிமில் லென்ஸ்களை ஒப்பிடச் செய்தித்தாள் உதவாது என்று நான் சொல்வது அதனால்தான். சிறிய ஃபிலிமுக்கு வந்த சோதனை அது.

வேறு எதை ஒப்பிடுவது? எனக்கு மூன்று விஷயம் முக்கியமாகப் படுகிறது. லென்ஸ் விழவைக்கும் பிம்பம் எவ்வளவு அகலம், வெளிச்சத்துக்கு எதிரே எப்படி நடந்துகொள்கிறது, முழுசாகத் திறந்தபோது கூர்மையிலிருந்து மங்கலுக்கு எப்படிப் போகிறது.

முதலாவதுக்கு நீங்கள் ஊர் மாறிப் போக வேண்டாம். பெரிய கோயிலுக்கே போங்கள். கேமராவைச் சாய்க்காமல் நேராக நிறுத்தி, லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தி விமானத்தைக் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். கோடுகள் உச்சியில் சரியாமல் நேராக நிற்கும். டெஸ்ஸாரில் கொஞ்சம் உயர்த்தியதுமே மூலை இருண்டு, விவரம் கரைந்துவிடும். ஹாஃப் பிளேட்டை மூடுவதற்கு மேல் அதற்குச் சொற்ப இடம்தான் மிச்சம். அதே குவிய நீளமுள்ள டாகோரை எஃப்/32, எஃப்/45 என்று சுருக்கினால் 8×10 அங்குல ஃபிலிமையே ஏறக்குறைய மூடிவிடும். உங்கள் பலகை எவ்வளவு உயருமோ அவ்வளவுக்கும் அது தாங்கும். கட்டடம் எடுப்பவருக்கு இந்த ஒன்றுக்காகவே டாகோரைச் சொல்வேன்.

இரண்டாவதுக்கு வீட்டு டியூப் லைட் போதும். லென்ஸின் முன்பாதியைத் திருகிக் கழற்றி டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் சின்னச் சின்ன டியூப் லைட்டுகள் தெரியும். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்புக்கும் பளிச்சென்று ஒன்று. கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டிய இடத்தில் மங்கலாக ஒன்று. டாகோரின் ஒரு பாதியில் பளிச் 2, மங்கல் 2 இருக்க வேண்டும், மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது என்பதால். டெஸ்ஸாரின் முன்பாதியில் பளிச் 4, பின்பாதியில் பளிச் 2, மங்கல் 1. பெயர் அழிந்த லென்ஸை இனம் காண்பதும் இப்படித்தான்.

அந்தப் பளிச்சுகள் ஒவ்வொன்றும் ஃபிலிமுக்குப் போகாமல் திரும்பிய வெளிச்சம். பூச்சு இல்லாத கண்ணாடியில் பரப்புக்கு 4, 5 சதவீதம் இப்படிப் போகிறது. திரும்பியதில் ஒரு பங்கு உள்ளுக்குள்ளேயே அலைந்து ஃபிலிம் முழுக்க மெல்லிய வெள்ளைத் திரைபோலப் படிகிறது. சைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா இதைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்தது 1935-இல். உங்கள் இரண்டு லென்ஸும் அதற்கு முந்தியவை என்றால் 6 பரப்புள்ள டெஸ்ஸாரைவிட 4 பரப்புள்ள டாகோரில் நிழல் கறுப்பாக விழும். வெள்ளையடித்த சுவரின் முன் கறுப்புக் குடை பிடித்த ஆளை நிறுத்தி எடுத்தால் நெகட்டிவிலேயே தெரிந்துவிடும். அதற்காக டெஸ்ஸாரின் திரையைக் குறை என்று தள்ளிவிட மாட்டேன். உச்சி வெயிலில் நிழலெல்லாம் கரியாகிப்போகும் நம் ஊரில், அந்தத் திரை நிழலைச் சற்று தூக்கிக் கொடுப்பதை நான் பலமுறை விரும்பியே பயன்படுத்தியிருக்கிறேன்.

மூன்றாவது விஷயத்துக்கு ஒரு முகம் வேண்டும். நான் என் அத்தையை உட்காரவைத்தேன். எண்பது வயது, வெள்ளை முடி, மூக்குத்தி. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நாற்காலி, தலை சாய்ந்துகொள்ளச் சுவர். மாலை வெளிச்சம் இறங்கிய பிறகு எடுத்தால் ஒரு விநாடி, இரண்டு விநாடி கணக்குக்கு வரும். ஷட்டர் இல்லாத லென்ஸுக்கு மூடியைக் கழற்றி மூடுவதே போதும். என்னிடம் உள்ள டாகோர், டெஸ்ஸார் இரண்டையும் எஃப்/6.8-இல் வைத்தேன். டெஸ்ஸாரில் கிட்டத்துக் கண்ணின் இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது, மூக்குத்திக் கல்லில் ஜன்னல் கம்பிகூடத் தெரிந்தது. ஆனால் காதுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கம்பிகள் இரட்டைக் கோடாகப் பிளந்து உறுத்தின. டாகோரில் இமை அவ்வளவு கூர்மை இல்லை. வெள்ளை முடியின் ஓரத்தில் ஒரு மெல்லிய ஒளி கசிந்தது. கன்னச் சுருக்கங்கள் எல்லாம் இருந்தன, ஆனால் கீறியதுபோல இல்லை. கம்பிகள் அமைதியாகக் கரைந்திருந்தன. அத்தை டெஸ்ஸார் பிரிண்ட்டைப் பார்த்து "இது நான்தான்" என்றாள். டாகோர் பிரிண்ட்டை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. எந்த லென்ஸ் சிறந்தது என்று என்னிடம் கேட்டால் இந்த இரண்டு பிரிண்ட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

எக்ஸ்ரே ஃபிலிம் பற்றி ஒரு வார்த்தை. அது நீலத்தையும் பச்சையையும் மட்டுமே பார்க்கும், சிவப்பு அதற்குக் கறுப்பு. நம் தோல் நிறம் உண்மையைவிட இருண்டு விழும், உதடு கறுக்கும். அதை லென்ஸின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மூன்று லென்ஸுக்கும் ஒரே பெட்டி ஃபிலிம், ஒரே டெவலப்பர், ஒரே மாலை. இது தவறினால் ஒப்பீடே இல்லை.

டாகோருக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு பாதியைக் கழற்றிவிட்டு மறுபாதியை மட்டும் பின்னால் வைத்து எடுத்தால் குவிய நீளம் சுமார் 1¾ மடங்காகும். பாதி லென்ஸ்தானே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேல் நிலவு எழுந்ததை எடுத்தாரே, அந்தப் படம் குக் நிறுவனத்தின் இப்படிப் பிரிக்கக்கூடிய லென்ஸின் 23 அங்குலப் பாதியால் எடுத்தது. எஃப்/32, ஒரு விநாடி. உங்கள் துருத்தி அவ்வளவு நீளுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாகீஸ்வரியின் துருத்தி நன்றாகவே நீளும். ஆலப்புழையில் அதைச் செய்த கருணாகரன் இசைக்கருவி பழுதுபார்க்கும் குடும்பத்திலிருந்து வந்தவர், ஆர்மோனியத்தின் துருத்தி தெரிந்த கை. ஓட்டை இருக்கிறதா என்று இருட்டறையில் உள்ளே ஒரு டார்ச் வைத்துப் பாருங்கள்.

சரி, பித்தளை லென்ஸ். இதில்தான் நான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசப் பெட்ஸ்வால் 1840-இல் கணக்குப் போட்டு உருவாக்கிய அமைப்பு அது. கணக்குப் போட ஆஸ்திரிய பீரங்கிப்படையிலிருந்து ஆள் கொடுத்தார்கள். அதுவரை எஃப்/15 அளவில் இருந்த லென்ஸ்களுக்கு எதிரே எஃப்/3.6. ஏறக்குறைய 17 மடங்கு வெளிச்சம். நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்த மனிதர்கள் அதன்பிறகுதான் முகம் இறுகாமல் படத்துக்குள் வந்தார்கள். அந்த லென்ஸில் படத்தின் ஓரம் சுழல்வதுபோலத் தெரிவது இயல்பு. நடு மங்குவது இயல்பே அல்ல. முழுசாகத் திறந்த நிலையிலும் நல்ல பெட்ஸ்வாலின் நடுப்பகுதி கத்திமுனைபோல இருக்கும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என்னுடைய பித்தளை லென்ஸைச் சுத்தம் செய்ய ஒரு கடையில் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்தது. அதன்பிறகு எட்டு மாதம் எடுத்த அத்தனை முகமும் பனி மூடியதுபோல வந்தது. பழைய லென்ஸின் அழகு இதுதான் என்று நானே நம்பி, அதைப் பற்றி இங்கேயே எழுதியும் இருந்தேன். ஒருநாள் நண்பர் ஒருவர் அதே வகை லென்ஸைக் கொண்டுவந்தார். இரண்டையும் டியூப் லைட்டுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் பிடித்தோம். பின்பாதியில் தெரிந்த பிம்பங்களில் ஒன்று அளவில் மாறியிருந்தது. திறந்து பார்த்தால், அங்கே இருக்கும் இரண்டு தனிக் கண்ணாடிகளில் ஒன்றைத் துடைத்துவிட்டுத் திருப்பிப் போட்டிருந்தார்கள். சரியாக வைத்ததும் பனி போய்விட்டது. அந்த எட்டு மாதப் படங்களில் இருந்த சிலர் இப்போது இல்லை. மறுபடி எடுக்க முடியாது.

உங்களுடையதும் தாத்தா காலத்தில் எத்தனை கை மாறித் துடைக்கப்பட்டதோ. பின்பாதியை மட்டும் ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துத் திருகிக் கழற்றுங்கள். எது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ஸ்வாலின் மூல அமைப்பில் நடு மெலிந்து ஓரம் தடித்த கண்ணாடி முன்னாலும், நடு தடித்தது கடைசியிலும், இடையில் ஒரு வளையமும் இருக்கும். பின்னால் வந்த சில அமைப்புகளில் இந்த வரிசை மாறியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கண்ணாடியை மட்டும் திருப்பி, ஒவ்வொரு முறையும் கிரவுண்ட் கிளாஸில் நடுவைப் பாருங்கள். நான்கைந்து முறைக்குள் தெரிந்துவிடும். தெளிந்துவிட்டால், லென்ஸ் குழாயில் ஒரு நீள வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அபர்ச்சர் தகடு செருகும் இடம் அது. தகடு தொலைந்திருந்தால் கறுப்பு அட்டையில் வெட்டிக்கொள்ளலாம், 8 அங்குல லென்ஸுக்கு 25 மி.மீ. வட்டம் ஏறக்குறைய எஃப்/8.

அப்புறம் ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் வீட்டில் மூத்தவர் ஒருவரை உட்காரவைத்து மூன்றிலும் எடுங்கள். பிரிண்ட்டுகளை எனக்கு அனுப்புங்கள். விற்பதைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.

அன்புடன்