குளிர் வர முன்: வீட்டுச் சூடும் காஸ் பில்லும், வாசகர் கேள்விகள்

ஒக்டோபர் பிறந்தால் எனக்கு அதிகம் வரும் கேள்வி ஃபேர்னஸ் (காஸை எரித்து வீடெல்லாம் சூடுகாற்று அனுப்பும் மெஷின்) மாற்றலாமா என்பதுதான். ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் நம்மவர்களின் வீடுகளில் இத்தனை காலம் வேலை செய்த அளவில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, பெரிய மெஷினுக்குக் காசைக் கொட்ட முன் சூடு வெளியே போகிற ஓட்டைகளை அடையுங்கள் என்பதே. வந்த கேள்விகளில் பலருக்கும் பொருந்தும் சிலவற்றை எடுத்திருக்கிறேன்.

எங்கள் ஃபேர்னஸுக்கு 15 வயது, நன்றாகத்தான் ஓடுகிறது. வீட்டுக்கு வந்த ஒருவர், அரசாங்கத் திட்டத்தில் புதிது போட்டுத் தருகிறோம், மாதாமாதம் சின்ன வாடகை கட்டினால் போதும் என்கிறார். அப்பா கையெழுத்து வைக்கப் பார்க்கிறார்.

அப்பாவைத் தடுத்து நிறுத்துங்கள். 2018 மார்ச்சிலிருந்து ஒன்ராறியோவில், நீங்கள் கூப்பிடாமல் வீடு தேடி வந்து ஃபேர்னஸ், ஏசி, வாட்டர் ஹீற்றர் மாதிரியான சாமான்களுக்கு ஒப்பந்தம் எழுதுவதே தடை. "அரசாங்கத் திட்டம்" என்று சொல்லிக்கொண்டு அரசாங்கம் யாரையும் உங்கள் வாசலுக்கு அனுப்புவதில்லை. வாடகை ஒப்பந்தம் பத்து வருடம் ஓடினால் கட்டி முடிக்கும் தொகையைக் கூட்டிப் பாருங்கள், அந்தக் காசுக்கு ஃபேர்னஸைச் சொந்தமாகவே வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். முன்பெல்லாம் இந்த வாடகைக் கொம்பனிகள் வீட்டுப் பத்திரத்தின் மேலேயே ஒரு பதிவைப் போட்டுவிடுவார்கள், வீட்டை விற்கவோ மோட்கேஜ் மாற்றவோ போகும் நாளில்தான் சனத்துக்கு அது தெரியவரும், நீக்க ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். 2024 ஜூனில் அந்தப் பதிவுகளைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள், ஆனால் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் அதனால் தானாகச் செத்துவிடாது. யாராவது ஏற்கெனவே வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் 10 நாளுக்குள் எழுத்தில் ரத்துச் செய்யுங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள், அதனால் அம்மா அப்பாவிடம் இதைத் தமிழில் இருந்து விளக்கிச் சொல்லுங்கள்.

சரி, மாற்றத்தான் வேண்டுமா? ஃபேர்னஸிலிருந்து வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் பக்கச் சுவரால் வெளியே போகிறதா என்று பாருங்கள். போனால் அது 90 சதவீதமோ அதற்கு மேலோ திறன் உள்ளது, அதாவது எரிகிற காஸில் அவ்வளவும் வீட்டுச் சூடாகிறது. இப்போது கடையில் இருப்பது 95, 96. அந்த வித்தியாசம் நூறு டொலர் காஸில் ஐந்து ஆறு டொலர்தான், அதற்காக ஓடுகிற மெஷினைக் கழற்றத் தேவையில்லை. உலோகக் குழாய் கூரை வழியாகப் போகும் பழைய 80 சதவீத மெஷின் என்றால் கதை வேறு, நூற்றுக்குப் பதினாறு டொலர் மட்டில் குறையும், அதுவும் வயதாகி அடிக்கடி பழுதாகிறது என்றால் மாற்றலாம். மூன்று இடத்தில் விலை கேளுங்கள், வேலைக்கு வருகிறவரிடம் ரி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவில் காஸ் வேலைகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமைப்பு) லைசென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஏசியும் சாகும் நிலையில் இருந்தால் அந்த இடத்தில் ஹீற் பம்ப் ஒன்றைப் போடுவதை யோசியுங்கள். கோடையில் ஏசி வேலையைச் செய்யும், பனி கடுமையாகாத மாதங்களில் வீட்டைச் சூடாக்கும், கடுங்குளிருக்குப் பழைய ஃபேர்னஸ் துணைக்கு நிற்கும்.

மேல்மாடி சூடு, கீழே கால் விறைக்கிறது. யன்னல் எல்லாம் மாற்றினால் சரியாகுமா?

யன்னலைக் கடைசிக்கு வையுங்கள். அதுதான் எல்லாவற்றிலும் செலவு கூடியது, போட்ட காசு திரும்பி வர எடுக்கும் காலமும் கூட.

உங்கள் வீட்டில் நடப்பது இது. சூடான காற்று மேலே ஏறி, அற்றிக் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளி) மூடி, கூரை லைற் ஓட்டை, பாத்ரூம் ஃபான் பெட்டி எல்லாவற்றாலும் கசிந்து போகிறது. போன காற்றுக்கு ஈடாகப் பேஸ்மென்ற் வழியாகக் குளிர்காற்று உள்ளே இழுபடுகிறது. மேலே அடைத்தால் கீழே இழுவை குறையும், இதைப் பலர் நம்பமாட்டார்கள், ஆனால் செய்து பார்த்தால் கால் சொல்லும்.

ஓட்டை கண்டுபிடிக்கச் சாமித் தட்டில் இருக்கும் ஊதுபத்தி போதும். காற்றடிக்கும் குளிர்நாளில் ஃபேர்னஸை நிறுத்தி, குசினி ஃபானையும் பாத்ரூம் ஃபானையும் போட்டுவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாக மெதுவாகக் கொண்டு போங்கள், திரைச்சீலையில் மட்டும் படாமல். புகை நேராக ஏறினால் பிரச்சினை இல்லை. படுத்தாலோ சுழன்றாலோ அங்கே காற்று வருகிறது, பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். வெளிச்சுவரில் இருக்கும் பிளக் பொயின்ற், வாசல் கதவின் அடி, அற்றிக் மூடியின் ஓரம், அப்புறம் முக்கியமாகப் பேஸ்மென்ற் சீலிங் வெளிச்சுவரைத் தொடும் இடம். அந்தக் கடைசி இடத்தில் கொங்கிறீற்றின் மேல் மரம் உட்கார்ந்திருக்கும், பழைய வீடுகளில் அங்கே ஒரு துண்டு இன்சுலேஷன் பஞ்சைத் திணித்துவிட்டு விட்டிருப்பார்கள். பஞ்சு காற்றை நிறுத்தாது. ஃபோம் பலகையை அளவாக வெட்டி வைத்து ஓரங்களை ஸ்பிரே ஃபோமால் அடையுங்கள். கதவுக்கும் அற்றிக் மூடிக்கும் ஒட்டுகிற ரப்பர் பட்டி, பிளக்குக்குப் பின்னால் வைக்கும் ஃபோம் தகடு, யன்னல் ஓரத்துக்குக் கோக்கிங் பசை, எல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவில்லை, ஒரு சனி ஞாயிறு வேலை.

அதன் பிறகு அற்றிக்குள் எட்டிப் பாருங்கள். பஞ்சின் உயரம் ஆறு அங்குலம் என்றால் அது ஏறக்குறைய ஆர்-20 (இந்த எண் கூடக் கூடச் சூட்டைத் தடுக்கும் சக்தியும் கூடும்). இன்று சிபாரிசு செய்வது ஆர்-60, ஊதிப் போடும் செலுலோஸில் 17 அங்குலம் வரும். ஓட்டையை அடைக்காமல் பஞ்சை மட்டும் ஊதினால் ஈரக்காற்று மேலே போய்க் கூரைப் பலகையில் உறைந்து பூஞ்சணம் பிடிக்கும், எனவே வரிசையை மாற்றாதீர்கள். ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் தொடங்கிய வீட்டுத் திருத்த மானியத் திட்டத்தில் இன்சுலேஷன், ஹீற் பம்ப் போன்றவற்றுக்கு 30 சதவீதம் வரை திரும்பக் கிடைக்க வழி உண்டு, வேலை தொடங்க முன் விதிகளை வாசியுங்கள், வேலை முடிந்தபின் கேட்டால் பல நேரம் கிடைக்காது.

இரவில் தெர்மோஸ்ராற்றைக் குறைத்தால் காலையில் திரும்பச் சூடாக்கக் கூடக் காஸ் போகும் என்கிறார்களே?

தவறு. வீடு எவ்வளவு நேரம் குளிர்ந்து இருக்கிறதோ அவ்வளவு நேரமும் வெளியே கசியும் சூடு குறைவு, காலையில் கூடுதலாக எரியும் காஸ் அந்த மிச்சத்தைவிடக் குறைவுதான். நாளுக்கு எட்டு மணித்தியாலம் 4 முதல் 5 பாகை வரை குறைத்து வைத்தால் வருடச் செலவில் 10 சதவீதம் வரை மிஞ்சும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. பகலில் 20, படுக்கும்போது 17 என்று தொடங்குங்கள். கைக்குழந்தை, வயதானவர்கள் உள்ள வீட்டில் இவ்வளவு குறைக்க வேண்டாம். ஹீற் பம்ப் உள்ளவர்களும் அதிகம் ஏற்றி இறக்கக் கூடாது, துணை ஹீற்றர் கிளம்பிக் கரன்ற் பில்லை ஏற்றிவிடும்.

அம்மம்மாவின் அறைக்கு மட்டும் சின்னக் கரன்ற் ஹீற்றர் வைத்தால் மலிவா?

அந்த ஹீற்றர் 1500 வாட். எட்டு மணித்தியாலம் முழுவேகத்தில் ஓடினால் 12 யூனிட். அதே சூட்டைக் கிட்டத்தட்ட 1.2 கனமீற்றர் காஸ் தரும். உங்கள் இரண்டு பில்லையும் எடுத்து வைத்துப் பெருக்கிப் பாருங்கள், காஸ்தான் மலிவு என்று தெரியும். வீடு முழுவதையும் 17-க்கு இறக்கிவிட்டு அம்மம்மாவின் அறையை மட்டும் சூடாக்குகிறீர்கள் என்றால் மட்டும் இதில் அர்த்தம் உண்டு. கரன்றை நேரக்கணக்கில் கட்டுகிறவர்களுக்கு இரவு 7 முதல் காலை 7 வரையும் வாரஇறுதியும் மலிவு, குளிர்காலத்தில் வாரநாட்களில் காலை 7–11, மாலை 5–7 உச்சவிலை. ஹீற்றரை நேரே சுவர்ப் பிளக்கில் குத்துங்கள், எக்ஸ்ரென்ஷன் வயரில் ஒருபோதும் வேண்டாம், போர்வையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளியே இருக்கட்டும்.

யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிகிறது, ஓரத்தில் கறுப்புப் பிடித்துவிட்டது.

வீட்டுக்குள் ஈரம் கூடிவிட்டது. நம் சமையலில் சோறு வடிப்பதும் இடியப்பம், பிட்டு அவிப்பதுமாக ஆவிக்குக் குறைவில்லை, அதோடு பேஸ்மென்றில் உடுப்பும் காயும். அடுப்பு பற்ற முன்பே ஃபானைப் போடுங்கள், முடிந்து பத்து நிமிடமாவது ஓடட்டும், அந்த ஃபான் உண்மையில் வெளியேதான் ஊதுகிறதா என்று போய்ப் பாருங்கள். ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி, வெளியே கடுங்குளிராக இருக்கும்போது 30 சதவீதத்தை ஒட்டி வைத்திருங்கள். ஃபேர்னஸில் ஹியூமிடிஃபயர் இருந்தால் அதைக் குறையுங்கள். யன்னலோரம் வைத்திருக்கும் கறிவேப்பிலைச் சாடிகளைக் கொஞ்சம் தள்ளுங்கள், கண்ணாடிக்குச் சூடுகாற்றுப் போக வேண்டும். பழைய யன்னல்களுக்கு உள்பக்கம் ஒட்டி ஹெயார் ட்ரையரால் இறுக்கும் பிளாஸ்ரிக் தாள் மிக நல்லது.

பாவிக்காத அறைகளின் வென்ற்றை மூடலாமா? பில்ரர் எப்போது மாற்றுவது?

மூட வேண்டாம். காற்று அடைபட்டு ஃபேர்னஸ் திணறும், அந்த அறைச் சுவரும் ஈரம் பிடிக்கும். ஒரு அங்குலப் பில்ரரை மாதாமாதம் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள்.

வாடகைக்குப் பேஸ்மென்றில் இருக்கிறோம். வீட்டுக்காரர் 18-க்கு மேல் ஏற்ற மாட்டாராம்.

ரொறன்ரோ நகரத்துக்குள் என்றால், குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை கொடுக்க வேண்டியது அவர் கடமை. உங்கள் அறையில் வெப்பமானி வைத்துத் திகதி நேரத்தோடு படம் எடுங்கள், முதலில் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள், அசையாவிட்டால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழையுங்கள். நம்மாள் என்று முகத்துக்குப் பார்த்துக் குழந்தைகளைக் குளிரில் வைத்திருக்காதீர்கள்.

மார்கழியில் ஆறு கிழமை யாழ்ப்பாணம் போகிறோம். ஹீற்றிங்கை நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. குழாய் உறைந்து வெடித்தால் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு போகும். 15, 16-இல் விடுங்கள். மெயின் தண்ணீரைப் பூட்டி, எல்லாப் பைப்பையும் திறந்து வடிய விடுங்கள். குசினி சிங்க் வெளிச்சுவரில் இருந்தால் அதன் கீழ்க்கதவு திறந்திருக்கட்டும். வெளிப்பைப்புக்கு ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வைப் பூட்டி, வெளியே திறந்து விடுங்கள் (இது வீட்டில் இருக்கிறவர்களுக்கும்தான்). அப்புறம் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். சில நாட்களுக்கு மேல் வீடு பூட்டிக் கிடந்தால் யாராவது ஒழுங்காக வந்து பார்க்க வேண்டும் என்று பல பாலிசிகளில் இருக்கும், அது நடக்காவிட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகும் ஆளிடம், பனி கொட்டினால் சுவரால் வெளியே வரும் ஃபேர்னஸ் குழாய்களின் வாயைத் துப்புரவாக்கவும் சொல்லுங்கள், அடைபட்டால் ஃபேர்னஸ் நின்றுவிடும்.

பனிக்காலத்திலும் கராஜுக்குள் காஸ் அடுப்பு வைத்து மீன் பொரிக்கிறோம். கதவை அரைவாசி திறந்தால் போதும்தானே?

போதாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கராஜோடு ஒட்டிய கதவின் அடியால் அது வீட்டுக்குள் வரும், மேலே படுத்திருக்கும் பிள்ளைகளுக்குத் தலையிடியும் வாந்தியுமாகத் தொடங்கும், காய்ச்சல் என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். அடுப்பை முற்றத்துக்குக் கொண்டு போங்கள், முடியாவிட்டால் குசினியில் ஃபானைப் போட்டுப் பொரியுங்கள். 2026 ஜனவரி 1-இலிருந்து ஒன்ராறியோவில் காஸ் ஃபேர்னஸோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் இதற்கான அலாரம் கட்டாயம். அலாரத்தின் பின்பக்கத்தில் முடிவுத் திகதி இருக்கும், இன்றைக்கே கழற்றிப் பாருங்கள்.

வேலை போய்விட்டது, இரண்டு பில் நிலுவை. வெட்டிவிடுவார்களா?

ஒன்ராறியோவில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை வீடுகளுக்குக் கட்டணப் பாக்கிக்காக மின்சாரத்தை வெட்ட முடியாது. அதை நம்பிப் பாக்கியைக் குவியவும் விடாதீர்கள். லீப் என்ற அவசர உதவித் திட்டம் காஸுக்கும் மின்சாரத்துக்கும் உண்டு, திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி அது. 211-க்கு அழைத்தால் உங்கள் பகுதியில் விண்ணப்பம் எடுக்கும் இடத்தைச் சொல்வார்கள், தமிழில் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள். பில், வருமானத் தாள், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.