ஒத்துக்குத் தனிச் சேனல்

அன்புள்ள ஐயா,

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒரு மல்லாரி (சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் நாதஸ்வர உருப்படி) பதிவு செய்கிறேன். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில், ஒரே கோன்டாக்டுக்குள் (வாத்திய ஒலிகளை ஏற்றி வாசிக்கும் மென்பொருள்) நாதஸ்வரம், சுருதிக்கு ச மட்டும் ஊதும் ஒத்து, தவில் மூன்றையும் ஏற்றியிருக்கிறேன். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் மூன்றும் ஒன்றாகக் கத்துகின்றன. தவிலை 10ஆம் மிடி சேனலில்தான் வைக்க வேண்டுமா? 8 ஜிபி ரேம் போதுமா? நாதஸ்வரத்தையும் ஒத்தையும் ஒரே சேனலில் வைத்தால் வேலை குறையுமே?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

தம்பி,

மூன்று வாத்தியமும் ஆம்னியில், அதாவது எல்லாச் சேனலையும் கேட்கும் நிலையில், இருக்கின்றன. எந்தச் சேனலில் வந்தாலும் வாய் திறக்கத்தான் செய்யும். ஒவ்வொன்றின் தலைப்பட்டையிலும் சேனலை 1, 2, 3 என மாற்றுங்கள். பிறகு மூன்று வெற்று டிராக் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் கோன்டாக்ட் டிராக்குக்கு ஒரு சென்ட் (அனுப்பும் இணைப்பு). அதில் ஆடியோவை அணைத்துவிட்டு, மிடியில் (எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற வாசிப்புக் குறிப்புகள்) இடப்பக்கம் 'ஆல்', வலப்பக்கம் அந்த வாத்தியத்தின் எண். கீபோர்டு பெரும்பாலும் 1ஆம் சேனலில்தான் அனுப்பும். எண்ணை மாற்றுவது இந்த சென்ட். கோன்டாக்ட் டிராக்கை ஆர்ம் செய்துவிடாதீர்கள் (பதிவுக்குத் தயார் நிலையில் வைக்காதீர்கள்), நாதஸ்வரம் இரட்டையாகக் கேட்கும்.

தாளவாத்தியத்துக்கு 10ஆம் சேனல் என்பது ஜெனரல் மிடி என்ற பொதுத் தரத்தின் வழக்கம். கோன்டாக்டுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ரேம் போதும்.

கடைசிக் கேள்வியைத்தான் சும்மா விட முடியவில்லை. கணினி நாதஸ்வரம் ஏன் இப்படிப் பொய்யாக ஒலிக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. பிட்ச் பெண்ட் (சுரத்தை வளைக்கும் கீபோர்டுச் சக்கரம்) ஒரு கட்டையை மட்டும் வளைக்காது, சேனலையே வளைக்கும். கமகத்துக்காகச் சக்கரத்தைத் தள்ளினால் அதே சேனலில் உள்ள ஒத்தும் கூடவே வழுக்கும். ஆதார ஷட்ஜமே நகர்ந்தால் மேலே வாசிப்பது எந்த ராகம்? ஒரு சென்ட் போடச் சோம்பி ஒத்தைப் பலி கொடுக்கிறீர்களே!

வளைவின் அளவையும் பாருங்கள். பல வாத்தியங்களில் அது மேலே 2 அரைச்சுரம், கீழே 2. நடுவிலிருந்து மேலே சுமார் 8192 படி. ச-விலிருந்து முழுக்கத் தள்ளினால் சதுஸ்ருதி ரிஷபம். பாதியில், 4096இல், சுத்த ரிஷபம். அந்தர காந்தாரம் எட்டாது. வாத்தியத்துக்குள் போய் அளவை 4 ஆக்கினால் எட்டும், ஆனால் சக்கரம் இரு மடங்கு துடிக்கும். விரலை அடக்கிப் பழக வேண்டும். கமகத்தின் நடுவில் கிளிப்பை (பதிவான துண்டை) வெட்டினால் சக்கரம் நடுவுக்குத் திரும்பாமல் நின்றுவிடும்; அடுத்த சுரம் பிசகித்தான் தொடங்கும்.

ஒத்து டிராக்கில் நீளமாக ஒரு ச எழுதி ஓடவிடுங்கள். நாதஸ்வர டிராக்கை மட்டும் ஆர்ம் செய்து சக்கரத்தைக் கடைசி வரை தள்ளுங்கள். ஒத்து இம்மி அசையாவிட்டால் தவிலுக்குப் போகலாம்.