கொத்தனார், சித்தாள் வேலை பார்த்து அரசியலுக்கு வந்தவர்கள் யாராவது உண்டா? அவர்களால் ஏதாவது மாறியதா?

உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்கு முன்னால் வந்திருக்கும் பதில்களில் இருப்பவர்கள் யாரும் அதில் சேர்த்தியில்லை. ஒருவர் பெரிய பில்டர்களாகப் பட்டியல் போட்டிருக்கிறார், இன்னொருவர் அரசு காண்ட்ராக்ட் எடுத்து மேலே வந்தவர்களை. இவர்களெல்லாம் மற்றவர்களை வேலை வாங்கியவர்கள். காண்ட்ராக்டர்களுக்கு நம் ஊர் அரசியலில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. நீங்கள் கேட்பது சாரத்தில் ஏறியவர்களை, கலவைப் பாண்டு (இரும்புச் சட்டி) தூக்கியவர்களை. அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால் நீங்களே கொத்தனாராக இருப்பீர்கள், இல்லையென்றால் வீட்டில் அப்பாவோ அண்ணனோ அந்த வேலையில் இருப்பார். உள்ளாட்சித் தேர்தல் பேச்சு அடிபடும் நேரம் வேறு. நிற்கலாமா என்று மனதுக்குள் ஓடுகிறது, சரிதானே?

கட்சி பேச வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை இல்லை. கீழே வரும் ஆட்கள் எல்லாக் கொடியிலும் இருக்கிறார்கள். ஒருவரைச் சொன்னதாலேயே நான் அந்தக் கட்சிக்காரன் என்று ஆரம்பிக்க வேண்டாம்.

சமீபத்தில் நம் நாட்டில் அதிகம் பேசப்பட்டது சந்தனா பாவுரி. மேற்கு வங்கத்தில் பாங்குரா மாவட்டத்துச் சால்தோரா தனித்தொகுதியில் 2021-இல் பாஜக சார்பில் ஜெயித்தவர். கணவர் கொத்தனார். கணவன் மனைவி இரண்டு பேரும் நூறு நாள் வேலை அட்டைக்காரர்கள். தன் பெயரில் அவர் காட்டிய சொத்து 32 ஆயிரம் ரூபாய்க்குள். டிவிக்காரர்கள் அவருடைய குடிசையையும் ஆடு மாடுகளையும் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள்.

வெளிநாட்டில் என்றால் பாஸ்டன் மேயராக இருந்த மார்ட்டி வால்ஷ். அப்பா அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். அப்பா இருந்த அதே கட்டடக் கூலித் தொழிலாளர் சங்கத்தில்தான் மகனும் இருபத்தொரு வயதில் சேர்ந்தார். நம் கணக்கில் கொத்தனார்கூட இல்லை, பெரியாள், அதாவது கொத்தனாருக்குக் கலவையும் கல்லும் எடுத்துக் கொடுக்கும் ஆண் கூலியாள். அங்கிருந்து சங்கத் தலைவர், 2014-இல் மேயர், 2021-இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைக்கே அமைச்சர். தென்கொரியாவில் ரோ மூ-ஹ்யூன், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு உல்சான் பக்கம் கட்டட வேலைத்தளங்களில் தினக்கூலியாக இருந்தவர். வக்கீல் தேர்வுக்குத் தானே படித்து 1975-இல் தேறினார், 2003-இல் ஜனாதிபதியானார்.

சர்ச்சிலையும் சிலர் இந்தக் கணக்கில் எழுதுவார்கள். தன் பண்ணை வீட்டில் அவர் செங்கல் வைத்துச் சுவர் கட்டியது உண்மைதான். நாளைக்கு 200 செங்கல், 2000 வார்த்தை என்று அப்போதைய பிரிட்டன் பிரதமர் பால்ட்வினுக்குப் பெருமையாகக் கடிதமே எழுதினார். 1928-இல், நிதியமைச்சராக இருந்துகொண்டே, கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் சந்தா கட்டி உறுப்பினராகச் சேரவும் பார்த்தார். இரண்டு வருடம் முன்னால்தான் 1926 பொது வேலைநிறுத்தத்தை ஒடுக்குவதில் முன்னால் நின்ற மனிதர். கொத்தனார்கள் கொதித்துவிட்டார்கள், சங்க நிர்வாகம் அந்தச் சேர்க்கையே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கரணை (கலவை பூசும் கருவி) பிடிப்பவரைச் சங்கம் ஏற்றுக்கொள்ளாததில் எனக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி.

ஆனால் என்னை யோசிக்க வைத்தவர் எல்ட்சின்தான். ரஷ்யாவின் முதல் ஜனாதிபதி. அப்பாவும் கட்டட வேலைக்காரர். 1955-இல் இவர் சிவில் படித்து வெளியே வந்ததும் நேராக மேற்பார்வையாளர் வேலை கொடுத்தார்கள். வேண்டாம் என்றாராம். என் கீழே வேலை செய்யப்போகிறவன் என்ன செய்கிறான் என்று தெரியாமல் எப்படி வேலை வாங்குவது என்று, ஒரு வருடத்தில் பன்னிரண்டு வேலைகளைக் கையால் கற்றுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். செங்கல் கட்டு, கான்கிரீட், தச்சு, கண்ணாடி பொருத்துவது, பூச்சு, பெயிண்ட், கிரேன் ஓட்டுவது என்று மாதத்துக்கு ஒன்று. ஒரு நாள் ராத்திரி சூறைக்காற்று அடிக்கும்போது கிரேனைத் தண்டவாளத்தோடு பூட்டாமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்து, உள்ளாடையோடு ஓடி மேலே ஏறி நிறுத்தினேன் என்றும் ஒரு கதை சொல்வார். பத்து வருடத்தில் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்தின் வீடு கட்டும் நிறுவனத்துக்கே தலைவர். அப்புறம்தான் கட்சிப் பதவிகள் எல்லாம்.

இவ்வளவு தெரிந்த ஆள் ஆட்சியில்தான் தொண்ணூறுகளில் ரஷ்யத் தொழிலாளிகளுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. 1998 கோடையில் சுரங்கத் தொழிலாளர்கள் மாஸ்கோவில் அரசு மாளிகைக்கு எதிரே பாலத்தில் உட்கார்ந்து, தலைக்கவசத்தைத் தரையில் தட்டித் தட்டிச் சம்பளம் கேட்டார்கள். ஆகவே, கலவை போட்டவன் பதவிக்கு வந்தால் கலவை போடுபவனுக்கு விடியும் என்று நான் சொல்லவரவில்லை. தொழில் தெரிந்தவருக்குத் தொழிலாளியின் வயிறு தெரியும் என்று உத்தரவாதம் எதுவும் கிடையாது. ஆனால் வேலையில் எங்கே திருட்டு நடக்கும் என்பது தெரியும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, என் அம்மாவிடம் பார்த்தது.

அம்மா சித்தாள். திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் ஊர். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார். பாதி கட்டிய வீட்டுக்குள்ளேயே தங்கி, மேலே தளம் போட்டால் கீழே சமையல். காலையில் ஆள் எடுக்கும் முனையில் நிற்பது, மேஸ்திரி கூப்பிட்டால் போவது. அப்பாவும் அதே வேலைதான். அவர் கரணை பிடித்துக் கொத்தனார் ஆனார், அம்மா கடைசிவரை சித்தாள்தான். பூச்சு வேலை அப்பாவைவிட நன்றாக வரும் என்று மேஸ்திரியே சொல்வார். ஆனால் கூலி கொடுக்கும்போது சித்தாள் கூலிதான். நம் ஊரில் பெண் கையில் கரணையைக் கொடுக்க மாட்டார்கள், சும்மாடுதான் கொடுப்பார்கள். இதற்கு யாராவது "எங்கள் சைட்டில் பெண் கொத்தனார் இருக்கிறார்" என்று கமெண்ட் போடுவீர்கள். இருந்தால் சந்தோஷம், கூலி சமமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

2016-இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தபோது எங்கள் வார்டு பெண்கள் வார்டு ஆனது. முழங்கால் வலியால் அம்மா சென்னையை விட்டு ஊருக்கு வந்திருந்த சமயம். தெருவே சேர்ந்து நிற்க வைத்தது. ஊராட்சி வார்டுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் தப்பித்தோம், இருந்திருந்தால் சீட்டுக்கு யாரிடம் போய் நிற்பது? மனு எழுதிக் கொடுத்தவர், தொழில் என்ற இடத்தில் அம்மாவைக் கேட்காமலே "இல்லத்தரசி" என்று எழுதிவிட்டார். "எந்த இல்லத்துல நான் இருந்தேன்? அடிச்சிட்டு கட்டட வேலைன்னு எழுது தம்பி" என்று திருத்த வைத்துத்தான் கைநாட்டு வைத்தார்.

ஜெயித்தார். அதன்பிறகு ஒன்றரை வருடம் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், தீர்மானப் புத்தகத்தை நீட்டுவார்கள், கைநாட்டு, டீ, அவ்வளவுதான். அன்றைக்கு வேலைக்குப் போனால் கிடைத்திருக்கும் கூலி போனதுதான் மிச்சம். கொரோனா வேறு.

பிறகு எங்கள் தெருவுக்கு சிமெண்ட் ரோடு வந்தது. இரண்டு பக்கமும் கான்கிரீட்டைத் தடுத்து நிறுத்தும் இரும்புச் சேனல் அடித்து, நடுவில் ஜல்லி பரப்பி, மறுநாள் கான்கிரீட் போட ரெடியாக இருந்தது. அம்மா விளக்குமாற்றுக் குச்சி ஒன்றையும் ஒரு நூல் கண்டையும் எடுத்துக்கொண்டு போனார். இந்தப் பக்கச் சேனலிலிருந்து அந்தப் பக்கச் சேனலுக்கு நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். ஓரத்தில் குச்சியை நிறுத்தி நூல் உயரத்தில் நகத்தால் ஒரு கீறல். ஆறு அங்குலம், கணக்கு சரி. நடுவில் போய் நிறுத்தினார். குச்சியில் இரண்டாவது கீறல் நாலைக்கூடத் தொடவில்லை. அடியில் மண்ணையும் ஜல்லியையும் முதுகு மாதிரி மேடாக்கி வைத்திருந்தார்கள். அளவெடுக்க வருகிறவர்கள் ஓரத்தில்தான் டேப்பை வைப்பார்கள், வேலையின் அளவைக் குறிக்கும் எம்-புக்கில் ஆறு என்றுதான் ஏறும். நடுவில் மிச்சமாகும் கான்கிரீட் எத்தனை லோடு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காண்ட்ராக்டர் வந்தார். சின்னப் பையன்தான். "அக்கா, நீங்க மெம்பரு. இதெல்லாம் இன்ஜினியர் பாத்துக்குவாரு" என்றார்.

"மெம்பரு இப்பதான் தம்பி. கலவ தூக்குனது உன் வயசுக்கு மேல. மேட்ட சீவிட்டுப் போடு, இல்லன்னா தெருவுல பொம்பளைங்க உக்காந்துடுவோம்."

ஓவர்சியர் வந்தார், ஊராட்சியிலிருந்து ஆள் வந்தார், தலைவர் வீட்டிலிருந்து போன் வந்தது. கடைசியில் மேட்டைச் சீவினார்கள். பெரிய புரட்சி என்று நினைக்க வேண்டாம். அம்மா முதலில் தன் தெருவைத்தான் பார்த்தார். பக்கத்து வார்டில் அதே காண்ட்ராக்டர் அதே மாதிரிதான் போட்டார், அந்த வார்டு மெம்பர் எங்களுக்குச் சொந்தம், ஒன்றும் கேட்கவில்லை. கான்கிரீட் போட்ட மறுநாளே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், தண்ணீர் விட ஒருவரும் இல்லை. அம்மாதான் மண்ணில் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, தெருப் பெண்களை வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைத்து, இரண்டு வாரம் தண்ணீர் நிறுத்தினார். தண்ணீர் காட்டாத கான்கிரீட் பொரிஞ்சு போகும் என்பது சித்தாளுக்குத் தெரிந்த அளவு மற்ற மெம்பர்களுக்குத் தெரியவில்லை.

இதை எழுதினால் அடுத்து வரும் கேள்வி எனக்குத் தெரியும்: "நீங்கள் இன்ஜினியராமே, நீங்கள் ஏன் போய்க் கேட்கவில்லை?" நான் அப்போது பெங்களூரில் சைட்டில் இருந்தேன். அப்புறம், நான் டிப்ளமா சிவில். இந்தத் தளத்திலேயே ஒருமுறை நான் அஸ்திவாரம் பற்றி எழுதிய பதிலுக்கு ஒரு பி.இ. வந்து "டிப்ளமா படித்தவர்கள் தங்களை இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்வது மோசடி" என்று போட்டார். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். சைட்டில் காலை ஏழு மணிக்குக் கம்பி எண்ணிக் கொண்டிருப்பது யார்? நெடுக்குக் கம்பி எது, குறுக்குக் கம்பி எது என்று வந்த முதல் வாரம் என்னிடம் கேட்ட பி.இ.க்களின் பெயரை நான் எழுதவில்லை. எனக்குக் கிடைப்பது அவர்கள் சம்பளத்தில் பாதி. விசிட்டிங் கார்டில் "சூப்பர்வைசர்". கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் எங்கே போய்ச் சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்பதற்கு "படிப்பில்லை" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். படிப்பில்லாதவர்கள் நிறையப் பேர் மந்திரியாகவே இருந்திருக்கிறார்கள். காரணம் கூலி. வேலைக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பு. பிரச்சாரத்துக்கு என்று பத்து இருபது நாள் வீட்டில் இருந்தால் கடன்தான். அதோடு வேலை இருக்கும் ஊரில் ஓட்டு இல்லை, ஓட்டு இருக்கும் ஊரில் வேலை இல்லை. திருவண்ணாமலை ஓட்டு, பெங்களூர் சாரம். எந்தக் கட்சி வந்து இந்த ஆளைத் தேடும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டடத் தொழிலாளிக்கு நம் மாநிலத்தில் கிடைத்தது எம்.எல்.ஏ.க்கள் மனமிரங்கிக் கொடுத்தது இல்லை. உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது. அதன் கீழ் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது 1994-இல். நடுவில் பன்னிரண்டு வருடம் சங்கத்துக்காரர்கள் ஊர்வலம், உண்ணாவிரதம் என்று நடையாய் நடந்தார்கள். சட்டமன்றத்துக்குள் ஒரு கொத்தனாராவது இருந்திருந்தால் இவ்வளவு இழுத்திருக்குமா என்று எனக்குத் தோன்றும். இழுத்திருக்கும் என்பவர்கள் எல்ட்சினைக் காட்டலாம், நானே மேலே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவின் பதவி 2025 ஜனவரியில், அந்தத் தேர்தலில் ஜெயித்த மற்றவர்களோடு சேர்ந்து முடிந்தது. மறுபடி நிற்பாரா என்றால், முழங்கால் சரியாகட்டும் என்கிறார். தெருவில் யார் வீட்டில் கான்கிரீட் போட்டாலும் போய் நின்று ஜல்லியைக் கையில் அள்ளிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்று தூசியைக் கொட்டியிருந்தால் வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லிவிடுவார், அதனால் ஊரில் இரண்டு மேஸ்திரிகள் எங்களோடு பேசுவதில்லை.

நீங்கள் நிற்பதாக இருந்தால் முதலில் ஒரு மாசம் கூலி இல்லாமல் வீடு ஓடுமா என்று பாருங்கள். வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்று அறிவிப்பு வரும்வரை யாரிடமும் வாய் விடாதீர்கள், வீட்டம்மா பெயரையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தால் தீர்மானப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அரசியல் யோசனை கேட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்பாதீர்கள், எனக்கு அதற்கு மேல் தெரியாது. வீடு கட்ட எஸ்டிமேட் வேண்டுமென்றால் அனுப்புங்கள். டிப்ளமாதான், பரவாயில்லை என்றால் போட்டுத் தருகிறேன்.