சார்ஜ் பின் ஆடுகிறதா? கைப்பேசியைக் கழற்ற விடுவதற்கு முன்

கேள்வி: கண்டனூரில் பலகார ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். கைப்பேசி வாங்கி 14 மாதம் ஆகிறது, டைப்-சி சார்ஜர். இரண்டு மாதமாக ஒயர் பிடிப்பில்லாமல் நழுவி விழுகிறது. உப்பு ஜாடியில் சாய்த்து, ஒயரை மேல் பக்கமாக அழுத்தி வைத்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. கடையில் காட்டினால், "போர்டு போய்விட்டது, 2,800 ரூபாய் ஆகும், இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள்" என்கிறார்கள். ஆர்டரும் பணமும் இதில்தான் வருகின்றன. சிங்கப்பூரில் இருக்கும் மகன் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். நான் என்ன செய்வது?

பதில்: ஆச்சி, 2,800 ரூபாயை இப்போதைக்கு எடுத்து வைக்க வேண்டாம், கைப்பேசியை யாரிடமும் விட்டுவிட்டு வரவும் வேண்டாம். மெயின் போர்டு, அதாவது கைப்பேசிக்குள் இருக்கும் பெரிய போர்டு, உண்மையிலேயே போயிருந்தால், ஒயரை மேலே அழுத்தியதும் சார்ஜ் ஏறுவது அரிது. நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் கைப்பேசியின் வாய்க்கும் ஒயரின் மூக்குக்கும் இடையிலான கோளாறையே காட்டுகின்றன. அதில் பத்துக்கு எட்டு, கழற்றாமலேயே தீர்கிற வேலை என்பது என் மேசை அனுபவம்.

கைப்பேசியின் அடியில் இருக்கும் அந்த ஓட்டையை எங்கள் தொழிலில் சார்ஜ் பின் என்போம். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று தெரியும். அதன் தடிப்பு 1 மில்லிமீட்டர்கூட இல்லை. மேலும் கீழுமாக 24 வரை செப்புத் தடங்கள் அதில் பதிந்திருக்கும். ஒயரைச் செருகும்போது 'டக்' என்று பிடிக்கிறதே, அந்தப் பிடிப்பைத் தருகிற இரண்டு சிறு வில்கள் கைப்பேசியில் இல்லை, ஒயரின் மூக்குக்குள் இருக்கின்றன. அவை நாக்கின் இரு பக்கத்திலும் உள்ள வெட்டுகளைக் கவ்விக்கொள்கின்றன. பூட்டு தேயாமல் சாவி தேயட்டும் என்று எண்ணி, தேய்மானத்தை விலை குறைந்த பொருளின் தலையில் வேண்டுமென்றே கட்டியிருக்கிறார்கள். டைப்-சி வாய் 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும் என்பது அதற்கு வகுத்த தரம். நாளைக்கு மூன்று முறை செருகினாலும் அதற்கு ஒன்பது ஆண்டு பிடிக்கும். 14 மாதத்தில் வாய் தேய்ந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அவர் பார்க்காமல் சொல்கிறார் அல்லது பார்த்துவிட்டு வேறு கணக்கில் சொல்கிறார்.

ஆகவே முதல் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. உங்கள் ஒயரை வீட்டில் உள்ள வேறொரு டைப்-சி கைப்பேசியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் தொளதொளவென்று ஆடினால் குற்றம் ஒயருடையது. பிறகு, சரியாகப் பிடிக்கிற வேறொரு ஒயரை உங்கள் கைப்பேசியில் செருகுங்கள், கவரைக் கழற்றிவிட்டு. தடித்த ரப்பர் கவர் ஒயரை முழுதாக உள்ளே போக விடாததையே கோளாறு என்று எண்ணி வந்தவர்களும் உண்டு. நல்ல ஒயர் உங்கள் கைப்பேசியிலும் 'டக்' என்று அமரவில்லை, ஒயரின் தோள் கைப்பேசியின் விளிம்பைத் தொடாமல் நகக்கண் அளவு இடைவெளி தெரிகிறது என்றால், உள்ளே அடைப்பு இருக்கிறது. உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

பட்டறையில் உட்கார்ந்து வாயைச் சுரண்டினாலே எந்த ஊர், என்ன தொழில் என்று ஓரளவு சொல்லிவிடலாம். புதுவயல் அரிசி ஆலையிலிருந்து வருகிற கைப்பேசியில் தவிட்டுத் தூள் இருக்கும். ஆத்தங்குடியில் தளக்கல் போடுகிறவருடையதில் சிமெண்டும் செங்காவி நிறப் பொடியும், தறிக்காரர் வீட்டுடையதில் பஞ்சும் இருக்கும். பலகாரம் சுடுகிற வீட்டுக் கைப்பேசிதான் இவற்றில் மோசம். பச்சரிசி மாவும் உளுந்து மாவும் காற்றில் பறந்து உள்ளே போகின்றன, எண்ணெய் ஆவி அதன்மேல் படிகிறது, இடுப்பில் செருகும்போது சேலை நூலும் சேர்ந்துகொள்கிறது. பிறகு ஒவ்வொரு முறை சார்ஜ் போடும்போதும் ஒயர் அந்தக் கலவையை அடியில் வைத்து அழுத்திக் கெட்டியாக்குகிறது. இரண்டு மாதத்துக்கு முன் ஓர் அம்மாவின் கைப்பேசியிலிருந்து நான் எடுத்தது, விளக்குத் திரியை நறுக்கிப் போட்டது போன்ற சாம்பல் நிறத் துண்டு ஒன்று. அதை உள்ளங்கையில் வைத்து நசுக்கினேன், சீடை மாவு வாசம் வந்தது. அந்தத் துண்டுக்காக அவரிடம் வேறொருவர் சொல்லியிருந்த விலை 1,900 ரூபாய்.

இதை நீங்களே எடுத்துவிடலாம். முதலில் கைப்பேசியை முழுதாக அணைத்துவிடுங்கள். திரையை மட்டும் அணைப்பது போதாது. தென்னந்துடைப்பத்திலிருந்து காய்ந்த, முறுக்கான ஈர்க்கு ஒன்றை எடுத்து, பிளேடால் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். பல்குத்தும் குச்சியைப் பலரும் சொல்வார்கள், ஆனால் அதன் நுனி உள்ளே முறிந்து தங்கிவிட்டு என்னிடம் வந்த கைப்பேசிகள் ஏராளம். ஈர்க்கு வளையும், சட்டென்று முறியாது. நாக்குக்கும் வெளிச்சுவருக்கும் இடையில், முதலில் மேல் பக்கம், பிறகு கீழ்ப் பக்கம், அடிவரை விட்டு, நாக்கை நெம்பாமல், மூலையிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல இழுங்கள். முதல் இழுப்பில் ஒன்றும் வராது. நான்காவது, ஐந்தாவது இழுப்பில் மொத்தமாகப் பெயர்ந்து வரும். கைப்பேசியின் வாய் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்தது மறுபடி உள்ளேதான் விழும். எண்ணெய்ப் பிசுக்கு விடவில்லை என்றால், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் மெல்லிய தூரிகையைத் தொட்டு, உதறிவிட்டு, ஒரு முறை துடைத்து, அரைமணி நேரம் காய விடுங்கள். கை கழுவுகிற சானிடைசர் கூடாது. அதில் சேர்த்திருக்கும் கிளிசரின் பிசுக்கைக் கூட்டும்.

ஊக்கு, ஊசி, ஹேர்பின், எதுவும் கிட்டே போகக் கூடாது. செப்புத் தடத்தின் மேல் இருக்கும் பொன்முலாம் மயிரிழையிலும் மெல்லியது. அது கீறிவிட்டால் பச்சை பூக்கத் தொடங்கும். வாயால் ஊதவும் கூடாது, எச்சில் ஈரம் போகும். தையல் மிஷின் எண்ணெய் விட்டால் 'இளகிவிடும்' என்று யாரோ சொல்லி, அதைச் செய்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் விட்டது எண்ணெய் அல்ல, அடுத்த மாதத்து மாவுக்குப் பசை. ஈரம் பட்டுவிட்டால் சார்ஜ் போடாமல் காய விடுவதே மருந்து. ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் அரிக்கிற வேகமே வேறு, அது என்ன கதை என்று ஆராய்வதற்காகவே காரைக்குடியில் 1953 முதல் நம் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இயங்கிவருகிறது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிற வைத்தியத்தை ஆப்பிள் நிறுவனமே வேண்டாம் என்கிறது. உங்கள் வீட்டில் அரிசி ஏற்கெனவே போதிய அளவு உள்ளே போயிருக்கிறது.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், வெளிநாட்டுப் பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போன பழைய ஐபோன்களை வைத்திருப்பவர்கள் என்மேல் பாய்வார்கள், செட்டிநாட்டில் அப்படி வீட்டுக்கு ஒன்றாவது இருக்கிறது. 2012-இல் வந்த ஐபோன் 5 தொடங்கி ஐபோன் 14 வரை இருப்பது டைப்-சி அல்ல, லைட்னிங். அதில் கதை தலைகீழ். ஒயரின் மூக்கு கெட்டியான தட்டு, அதில் வில் எதுவும் இல்லை, இரு ஓரத்திலும் சிறு பள்ளங்கள் மட்டுமே. கவ்வுகிற வில் கைப்பேசிக்குள் இருக்கிறது. ஆகவே நான் மேலே சொன்ன 'சாவிதான் தேயும்' என்பது அங்கே செல்லாது. லைட்னிங் ஐபோனில் அடைப்பை எடுத்த பிறகும், புது ஒயர் போட்ட பிறகும் பிடிப்பு இல்லை என்றால், உள்ளே இருக்கும் வில்லே தளர்ந்திருக்கக்கூடும், புது ஒயர்களாக வாங்கிக் குவித்துப் பயனில்லை. அதில் நாக்கு கிடையாது, வாய் வெறும் பள்ளமாக இருக்கும். அடைப்பு முழுக்கப் பின்சுவரில் படிந்திருக்கும், அங்கே ஈர்க்கை இரண்டு மடங்கு மெதுவாக விட வேண்டும். 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் டைப்-சி ஆகிவிட்டதால் அவர்களுக்கு உங்களுக்குச் சொன்னதே பொருந்தும். மகன் அடுத்த முறை பழையது ஒன்றைக் கொடுத்தால் வாயைப் பார்த்து வாங்குங்கள்.

இனி, சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஒயர் முழுதாக உள்ளே போகிறது, ஆனாலும் ஆடுகிறது. ஒரு பக்கமாகச் செருகினால் ஏறுகிறது, திருப்பிச் செருகினால் ஏறவில்லை. டார்ச்சில் நாக்கு கோணலாகத் தெரிகிறது. அல்லது செருகும்போது உலோகச் சுற்றுச்சுவரும் சேர்ந்து அசைகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பின்னை மாற்றத்தான் வேண்டும், உப்பு ஜாடியில் இரண்டு மாதம் நெம்பியதற்கு அந்த வாய்ப்பும் கொஞ்சம் உண்டு. வாய் கொதிக்கிறது, கருகல் வாடை வருகிறது என்றால் அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்திவிடுங்கள்.

பெரும்பாலான கைப்பேசிகளில் இந்தப் பின் மெயின் போர்டில் இருக்காது; அடியில் தனியாக விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் போர்டு உண்டு, சப் போர்டு என்றோ சி.சி. போர்டு என்றோ சொல்வோம். திருகைக் கழற்றி, பட்டை ஒயரைப் பிரித்து, புதியதை மாட்டுகிற வேலை. கை பழகியவருக்கு ஒரு மணி நேரம் போதும். கடைக்காரர் 'போர்டு போய்விட்டது' என்று சொன்னதில் இருக்கிற சாமர்த்தியம் இதுதான் ஆச்சி: இந்தச் சின்னப் போர்டைச் சொன்னாரா, பெரிய போர்டைச் சொன்னாரா என்று நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சின்னப் போர்டை மாற்றிவிட்டுப் பெரிய போர்டின் விலையை வாங்குவது இந்த ஊரில் இன்று நேற்று வந்ததல்ல.

'இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள்' என்பது அதைவிட என்னை உறுத்துகிறது. அந்தக் கடையில் வேலை தெரிந்தவர் இல்லாமலிருக்கலாம். வாங்கி வைப்பார்கள், சாயங்காலம் ஒரு பையன் பத்து கைப்பேசியைப் பையில் போட்டு இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவான், அங்கே ஆகிற கூலியின் மேல் இவர்கள் தங்கள் பங்கை வைப்பார்கள். நடுவில் உங்கள் நல்ல பேட்டரி போய் ஊதிய பேட்டரி வந்தால் யாரைக் கேட்பது? இதற்கு மேல் திரைப்பூட்டின் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். பின் மாற்ற அந்த எண் தேவையே இல்லை. சோதிக்கும்போது நீங்களே பக்கத்தில் இருந்து திறந்து காட்டலாம். பணம் வந்துபோகிற கைப்பேசியின் பூட்டு எண்ணைக் கொடுப்பது, பெட்டகச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம்தான். மதுரைக்கோ திருச்சிக்கோ ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு போனால், டோக்கன் வாங்கி உட்கார வைத்து, வாரண்டி முடிந்துவிட்டது என்பார்கள். வாரண்டி முடியாதவர்களிடம் ஈரம் பட்டிருக்கிறது என்பார்கள். பார்ட் வர ஒரு வாரம் என்பார்கள். உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், சம்மதம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். ஒரு விரல் நீளப் போர்டுக்கு இத்தனை சடங்கு. பழுது பார்ப்பது வாங்கியவரின் உரிமை என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் இணையதளம் திறந்தது. அதைத் திறந்தவர்கள், பார்ட்டை மாவட்டத்துக்கு ஓரிடத்திலாவது கையிருப்பில் வைக்கச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், ஆனால் கையில் பில் இருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் கண் முன்னால் கழற்றி மாட்டுகிற கடையாகப் பாருங்கள். கழற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே நின்று ஒருவருக்குப் போன் செய்து பேசுங்கள், ஏனென்றால் பேசும் மைக்கும் பெரும்பாலும் அதே சின்னப் போர்டில்தான் இருக்கிறது. மட்டமான போர்டு போட்டால் உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதாக எதிரில் இருப்பவர் சொல்வார். ஒயரை இரண்டு பக்கமும் திருப்பிச் செருகிப் பாருங்கள். உங்கள் சொந்தச் சார்ஜரைக் கையோடு கொண்டுபோய், வேகமாக ஏறுகிறது என்ற குறிப்பு திரையில் வருகிறதா என்றும் பாருங்கள். முன்பு வந்துகொண்டிருந்து இப்போது வரவில்லை என்றால் வேறு போர்டு போடச் சொல்லுங்கள், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்ற பதிலை ஏற்க வேண்டாம். கைப்பேசிக்குத் தண்ணீர் தாங்கும் தன்மை இருந்தது என்றால், திறந்த பிறகு அதை நம்ப வேண்டாம்.

ஈர்க்கு வேலையிலேயே தீர்ந்துவிட்டால், மறுபடி அடையாமல் இருக்க அடுப்படியில் வேலை நேரத்தில் கைப்பேசியின் வாயைக் கீழ்ப்பக்கம் பார்த்தபடி சுவரில் மாட்டுகிற பையில் வையுங்கள். மாவு மேலிருந்து விழுகிறது, கீழிருந்து ஏறுவது குறைவு. வாயை மூடுகிற சிறு ரப்பர் மூடியும் கடையில் கிடைக்கிறது. காந்தத்தில் ஒட்டிக்கொள்கிற ஒயரை மட்டும் யார் தந்தாலும் வாங்க வேண்டாம். இரும்புத் துகளை அது தேடிப் பிடித்து வாய்க்குள் சேர்க்கும்.