பிரான்ஸில் ஒரு குடும்பமே திராட்சை வளர்த்து வைன் தயாரித்துப் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் திராட்சை விளைவித்தால் மட்டும் போதாது, தங்கள் பெயரைப் போட்டுத் தாங்களே பாட்டிலில் விற்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தை வைத்துச் சொல்கிறேன்.

நான் இருப்பது நாந்த் நகரில். ஊருக்குத் தென்கிழக்கே செவ்ர், மென் ஆறுகளை ஒட்டி முஸ்கடே என்ற வெள்ளை வைன் தயாராகிறது. இனிப்பு இல்லாத 'ட்ரை' வகை. சாற்றில் உள்ள சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாகிவிடும். அங்கே கணவனும் மனைவியும் நடத்தும் தோட்டம் ஒன்றில்தான் வழக்கமாக வாங்குவேன். கணவருடைய அப்பா பேருக்குத்தான் ஓய்வு பெற்றவர், குளிர்காலம் முழுக்கக் கவாத்து வெட்டுவது அவரே.

ரகம் ஒன்றே ஒன்று: மெலோன் த புர்கோஞ். 1709-இன் கொடுங்குளிரில் இந்தப் பக்கத்துக் கொடிகள் பட்டுப்போன பிறகு, குளிர் தாங்கும் என்று இதைப் பரவலாக நட்டார்கள். காய்ச்சி பிராந்தி எடுக்க டச்சு வியாபாரிகளுக்கு லேசான வெள்ளை வைன் தேவைப்பட்டதும் ஒரு காரணம். சொந்த மணம் குறைந்த திராட்சை இது. அதனால் சுவையை வண்டலிலிருந்து வாங்குகிறார்கள். நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் படியும். வைனை அதிலிருந்து பிரிக்காமல் குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவைப்பார்கள். 'சுர் லி' (வண்டலின் மேல்) என்று லேபிளில் போட வேண்டுமென்றால் மார்ச் 1-க்கு முன் பாட்டிலில் அடைக்கக் கூடாது. குடிக்கும்போது நாக்கில் வரும் லேசான குறுகுறுப்பு இதனால்தான். பழைய தோட்டங்களில் தொட்டிகள் தரைக்கடியில் இருக்கும்; சிமென்ட் தொட்டிக்குள் கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள்.

சரி, காசுக்கு வருவோம். சாதாரண விதிப்படி ஹெக்டேருக்குச் சுமார் 55 ஹெக்டோலிட்டர்தான் (5,500 லிட்டர்) எடுக்கலாம், அதாவது ஏழாயிரத்துச் சொச்சம் பாட்டில். பாட்டிலில் அடைக்காமல் மொத்த வியாபாரிக்கு அப்படியே கொடுத்தால் கையில் நிற்பது கொஞ்சம்தான். வீட்டு வாசலில் பாட்டிலாக விற்றால் நன்றாகவே நிற்கும், ஆனால் லேபிள், கணக்கு, பார்சல், சுவைத்துப் பார்க்க வருகிறவர்களிடம் பேச்சு எல்லாம் மனைவி தலையில். 2011-இல் கிளிசோன், கோர்ஜ், லெ பலே என்ற மூன்று ஊர்களின் வைனுக்கும், ஊர் பெயரை லேபிளில் போட்டுக்கொள்ளும் தனித் தகுதி கிடைத்தது. நல்ல விலைதான், ஆனால் வண்டலில் ஒன்றரை, இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை பணம் தொட்டிக்குள் முடங்கிக் கிடக்கும்.

பெரிய பயம் ஏப்ரல் உறைபனி. 2021-இல் துளிர்விட்ட மொட்டுகள் சில இரவுகளில் கருகின. மெழுகு வாளிகளைக் கொளுத்திச் சூடேற்றலாம், ஆனால் எல்லா வரிசைக்கும் வைக்கச் சின்னத் தோட்டக்காரருக்குக் கட்டாது. பெரிய கம்பெனி வேறு பகுதியில் வாங்கிச் சமாளிக்கும். இவர்களுக்கு இருப்பது இந்த நிலம் மட்டும்தான்.

சொத்துப் பிரிவினையும் உண்டு. பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சம பங்கு, தோட்டத்தை ஒருவர் எடுத்தால் மற்றவர்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். நிலம் பொன் விலை விற்கும் பர்கண்டி என்ற வைன் பகுதியில் இதனாலேயே விற்றுவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. முஸ்கடேயில் நிலம் மலிவு. இங்கே பிரச்சினை வேறு: எடுத்து நடத்தப் பிள்ளைகள் முன்வர வேண்டுமே!

நேரில் போய் வாங்குவதானால் போன் பண்ணிவிட்டுப் போங்கள். மருந்து அடிக்கிற நாளில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.