கேரள பிளானா, அமெரிக்க பிளானா? அஞ்சரை சென்ட்டில் வீடு கட்டப் போகிறவருக்கு

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எனக்கு அஞ்சரை சென்ட் மனை இருக்கிறது. 40க்கு 60, கிழக்கு பார்த்தது. இரண்டு ரெடிமேட் பிளான் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று அமெரிக்க நிறுவனத்துடையது. கண்ணாடியும் தட்டைக் கூரையுமாக மாடர்னாக இருக்கிறது, ஆயிரம் டாலருக்கு மேல் விலை. இன்னொன்று கொல்லத்தில் இருக்கும் மச்சான் அனுப்பிய கேரள மாடல், சில ஆயிரம் ரூபாய்தான். எதை வாங்கலாம்? வாங்கி அப்படியே கொத்தனாரிடம் கொடுத்தால் போதுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. எந்த பிளானை வாங்கினாலும் போதாது. இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு கேரள பிளானுக்கு. விலை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. காரணம் உங்கள் மனையின் முதுகுப் பக்கத்தில் இருக்கிறது.

கிழக்கு பார்த்த மனை என்றால் வீட்டின் பின்புறம் மேற்கு. செங்கோட்டையில் மேற்கு என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றும் சாரலும் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். மற்ற மாதங்களில் சாயங்கால வெயிலும் அந்தச் சுவரில்தான் விழும். அமெரிக்க பிளான்களில் பெரும்பாலும் வீட்டிலேயே பெரிய கண்ணாடிக் கதவை எங்கே வைப்பார்கள் தெரியுமா? பின்புறத்தில், தோட்டத்தைப் பார்த்து. அங்கே அது அழகு. இங்கே மூன்று மாதம் சாரல் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும், மீதி மாதங்களில் திரை போட்டு மூடி வைக்க வேண்டும். கேரள பிளானில் பின்புறம் சமையலறையும் அதை ஒட்டி, பாத்திரம் கழுவுவது போன்ற வேலைகளுக்கான வொர்க் ஏரியாவும் இருக்கும். வெயிலையும் சாரலையும் அந்த வொர்க் ஏரியா வாங்கிக்கொள்ளும், உள் அறைகள் தப்பிக்கும். முன்னால் இருக்கும் சிட் அவுட், அதாவது வாசல் திண்ணை, கிழக்கே பார்ப்பதால் சாரல் நாட்களிலும் உட்கார முடியும்.

தட்டைக் கூரைப் பெட்டி வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தில் எடுப்பாக இருப்பதற்குக் காரணமே சன்ஷேடு இல்லாததுதான். ஜன்னலுக்கு மேல் இரண்டடி நீட்டல் இல்லாமல் இந்த ஊரில் கட்டினால், இரண்டு சாரல் சீசனில் வெள்ளைச் சுவரில் கருப்புப் பாசி இறங்கிவிடும். 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி அரசாங்கத்தின் கீழ் இருந்த ஊர் உங்களுடையது. பழைய வீடுகளின் ஓட்டுச் சரிவைப் பார்த்தாலே மழை எப்படி என்று தெரியும். மாடர்ன் வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேர்கோடுகளை வைத்துக்கொள்ளுங்கள், சன்ஷேடையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் நன்றாகவே வரும்.

வெயில் கணக்கும் மாறுகிறது. குளிர் நாட்டு பிளான்களில் குளிர்கால வெயிலை உள்ளே இழுக்கத் தெற்கே பெரிய ஜன்னல் வைப்பது வழக்கம். நீங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9 டிகிரியில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நினைத்து அந்தப் பக்கம் நிழல் கொடுக்காமல் விடாதீர்கள்.

இனி சுவர். அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் நிற்பவை. வெளிச்சுவர் ஆறு ஏழு அங்குலம், உட்சுவர் நாலரை அங்குலம், அவ்வளவுதான். நாம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வைத்து இரண்டு பக்கமும் பூசினால் பத்து அங்குலம் வந்துவிடும். உங்கள் மனை 40 அடி அகலம். பக்கத்துக்கு ஐந்தடி விட்டீர்கள் என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்கு 30 அடி மிஞ்சும். வரிசையாக மூன்று அறை என்றால் வெளிச்சுவர் இரண்டு, உட்சுவர் இரண்டு. உட்சுவரையும் ஒன்பது அங்குலத்தில் கட்டினால் அமெரிக்க பிளானைவிட மொத்தம் ஒன்றரை அடி கூடுதலாகச் சுவருக்குள் போய்விடும். அந்த ஒன்றரை அடியை எந்த அறையிலிருந்து எடுப்பது என்று வரைபடத்தில் யாரும் முடிவு செய்யாவிட்டால், கட்டும் இடத்தில் கொத்தனார் முடிவு செய்வார். வழக்கமாக அடி வாங்குவது பாத்ரூம்தான்.

கனமும் இருக்கிறது. ஒன்பது அங்குலச் சுவரைப் பத்தடி உயரம் எழுப்பினால், ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 400 கிலோ. மரச்சட்ட வீட்டில் மாடிச் சுவரைக் கீழ்ச்சுவருக்கு நேராக வைக்காமல் தள்ளி வைப்பது பெரிய விஷயமில்லை. நாம் அதே இடத்தில் செங்கல் சுவர் வைத்தால் அடியில் பீம் இல்லாமல் முடியாது. ஹாலில் தூணே இல்லாமல் இருபதடி அகலம் காட்டும் பிளானும் இப்படித்தான். முடியாது என்றில்லை, ஆனால் பீம் ஆழமாகும், கம்பி கூடும், செலவும் கூடும். கொத்தனாரிடம் "இதே மாதிரி கட்டிடுங்க" என்று படத்தை நீட்டுவதில் எனக்குப் பெரிய பயம் இந்த இடத்தில்தான்.

மாடிப்படியில் சின்ன விஷயம் போல ஒன்று ஒளிந்திருக்கிறது. அமெரிக்க பிளானில் ஒன்பதடி அறையும் ஓர் அடித் தளமுமாக 120 அங்குலத்தை ஏழரை அங்குலப் படிகளில் ஏறினால் 16 படி. நம் வீட்டில் பத்தடி அறையும் ஐந்து அங்குலத் தளமும் சேர்ந்து 125 அங்குலம். வயதானவர்கள் ஏறும்படி ஆறே கால் அங்குலம் வைத்தால் 20 படி. நான்கு படி கூடினால் பத்து அங்குல மிதியில் மூன்றடிக்கு மேல் நீளம் வேண்டும். பிளானில் அதற்கு இடம் இருக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கேரள பிளானை வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சில பிளான்கள் கேரளத்தில் கிடைக்கும் வெட்டுக்கல் (செம்பாறைக் கல்) சுவரை மனதில் வைத்து வரைந்தவை. உங்களுக்குக் கிடைப்பது செங்கல்லோ சாலிட் பிளாக்கோதான், அளவு மாறும். தளத்துக்கு மேல் ட்ரஸ் (இரும்புச் சட்டம்) போட்டு ஓடு வேய்வது அங்கே சாதாரணம். கணவாய்க் காற்றில் அதைச் செய்தால் ட்ரஸைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, ஓட்டையும் கட்டி வையுங்கள். நடுமுற்றத்தைத் திறந்தே விடாமல் மேலே கண்ணாடியோ ஷீட்டோ போடுவது நல்லது. அப்புறம், அது கேரள விதிகளுக்கு வரைந்த பிளான். உங்களுக்கு வேண்டியது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-படி வரைந்தது. நாலு பக்கமும் விட வேண்டிய இடம், உயரம் எல்லாம் அதன்படிதான்.

அனுமதி விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்ட இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். உங்கள் மனை 2,400 சதுர அடி, உள்ளே வந்துவிடும். ஆறு சென்ட்டாக இருந்திருந்தால் 2,613 ஆகி வெளியே போயிருக்கும். மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். பட்டாவையும் புலப்பட நகலையும் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரை அளக்கச் சொல்லுங்கள். பத்திரத்தில் 40 இருந்து தரையில் 39 இருப்பது அபூர்வமில்லை. அனுமதிக்குத் தரும் விவரத்துக்குப் பொறுப்பு நீங்கள்தான். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம் என்பதால் அதுவும் படத்தில் இருக்க வேண்டும்.

வாஸ்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது கேட்பார்கள். விற்பவர்கள் "மிரர் பண்ணித் தருகிறோம்" என்பார்கள். கிழக்கு பார்த்த பிளானை இடவலமாகத் திருப்பினால் வாசல் கிழக்கிலேயே இருக்கும், ஆனால் வடக்கும் தெற்கும் இடம் மாறும். அக்னி மூலையில் இருந்த சமையலறை ஈசானியத்துக்குப் போய்விடும். நம்பிக்கை உள்ளவர்கள் காசு கொடுப்பதற்கு முன் இதை ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.

வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. பி.டி.எஃப். மட்டும் தருவார்களா, திருத்தக்கூடிய கேட் ஃபைலும் உண்டா என்று கேளுங்கள். கேட் ஃபைல் இல்லையென்றால் உங்கள் இன்ஜினியர் முதலிலிருந்து வரைய வேண்டும், அந்தக் கூலியும் உங்களுடையது. திருத்த அனுமதி உண்டா, எத்தனை வீடு கட்டலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிளானுக்கும் பதிப்புரிமை உண்டு. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே கட்டுவது சரியில்லை. அமெரிக்க பிளானில் சொல்லும் சதுர அடியில் கார் ஷெட்டும் தாழ்வாரமும் பொதுவாகச் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த ரெடிமேட் பிளானிலும் நீங்கள் வாங்குவது அறைகளின் அடுக்கை. எந்த அறைக்குப் பக்கத்தில் எது, கதவு திறந்தால் கட்டிலில் இடிக்குமா என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்ததற்குச் சில ஆயிரம் கொடுப்பது நியாயம்தான். ஆயிரம் டாலர் என்றால், அந்தப் பணத்தை மண் பரிசோதனைக்கும் உள்ளூர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கும் கொடுங்கள். மனை முன்பு வயலாக இருந்ததா, செம்மண்ணா, கரிசலா என்று பார்த்துத்தான் அஸ்திவார ஆழத்தைச் சொல்ல முடியும். எந்த ரெடிமேட் பிளானிலும் உங்கள் மண்ணுக்கான அஸ்திவாரம் இருக்காது. வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால் அனுமதி பெற்ற பிளானும் எஸ்டிமேட்டும் எப்படியும் கேட்பார்கள், அந்த எஸ்டிமேட்டும் உங்கள் இன்ஜினியர் கையிலிருந்துதான் வர வேண்டும்.

கொத்தனாரிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது, சிட் அவுட், போர்ச், சன்ஷேடு, படிக்கட்டுக் கூரை ஆகியவற்றை முழுசாகக் கணக்கிடுகிறாரா, பாதியாகவா, சேர்ப்பதே இல்லையா என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு முன்பணம் கொடுங்கள்.